பதினாறு மாதத்தில் பயனிழந்த இன்சோல்: எல்லையோர ஊரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

குடியாத்தத்திலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் பரதராமியை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து, 47 வயதுப் பெண்மணி ஒருவர் 2022 ஜூன் மாதம் வலது குதிகால் வலிக்காக, ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் (பாதத்தைத் தாங்கும் உள் விரிப்பு) செய்யும் எங்கள் பட்டறைக்கு வந்தார். பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஏற்றுமதிக்காக ஷூ தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். அவருக்கு நாங்கள் செய்து கொடுத்த முதல் இன்சோல் ஓராண்டுக்கும் மேல் நன்றாகப் பயன்பட்டு, பிறகு பயனற்றுப் போனது. அதே அச்சில் செய்து கொடுத்த இரண்டாவது இன்சோலோ மூன்றே வாரத்தில் கைவிட்டது. இரண்டாவது இன்சோலில் பொருள் குறையும் இல்லை, வேலைக் குறையும் இல்லை. அப்படியிருந்தும் அது ஏன் உதவவில்லை என்பதைத் தேடிப் போனபோது கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். நோயாளியின் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை

ஐந்து மாதங்களாகக் காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் வலி கடுமையாக இருந்தது. பத்து அடி நடந்தால் குறையும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். "முள்ளு மேல கால் வெச்ச மாதிரி இருக்குது சார்" என்றார். ஊரில் இதைக் குதிமுள் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் சிறு எலும்பு முனை தெரிந்ததும் உண்மைதான். ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அந்த முனை இருக்கிறது. வலித்த இடம் குதிகாலின் உட்புற அடி, அதாவது உள்ளங்கால் தசைப்பட்டை எலும்போடு சேரும் இடம். பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது இந்தப் பட்டை இறுகிப் பாத வளைவைத் தூக்குகிறது என்பதை 1954-இல் ஹிக்ஸ் விளக்கினார். கயிற்றை உருளையில் சுற்றிப் பாரத்தை இழுக்கும் பொறியைப் போன்றது அந்த இயக்கம். வளைவு தாழ்ந்த பாதத்தில் அந்தக் கயிறு எப்போதும் இழுபட்டபடியே இருக்கும்.

எடை 64 கிலோ, உயரம் 154 செ.மீ. பாத நிலைக் குறியீட்டில் வலது கால் +8, இடது கால் +6 (சுழியிலிருந்து +5 வரை இயல்பு, +10-உம் அதற்கு மேலும் மிகவும் தட்டை). முழங்கால் நீட்டிய நிலையில் கணுக்கால் மேல்நோக்கி மடங்குவது குறைவாகவும், முழங்காலை மடக்கினால் சரியாகவும் இருந்ததால், கெண்டைக்கால் தசை இறுகியிருப்பது தெரிந்தது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தும் சோதனையை வலது காலில் எட்டு முறை வலியின்றிச் செய்தார். இந்த எட்டு என்ற எண்ணைக் குறித்து வைத்திருந்தது பிற்பாடு மிகவும் உதவியது.

நுரைப் பெட்டியில் பாத அச்சு எடுத்து, நடுத்தரக் கடினமுள்ள இ.வி.ஏ. நுரை அடித்தளமும் மேலே 4 மி.மீ. எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) விரிப்புமாக முழுநீள இன்சோல் செய்தோம். குதிகால் உட்பக்கம் 12 மி.மீ., வெளிப்பக்கம் 9 மி.மீ. உயரம். உள்நோக்கிச் சாயும் குதிகாலை அந்த 3 மி.மீ. சரிவு நிமிர்த்திப் பிடிக்கும் என்பது கணக்கு. அதைப் பின்புறம் உறுதியான, லேஸ் கட்டும் ஷூ ஒன்றினுள் பொருத்தினோம். கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தோம். பத்துக்கு ஏழாக இருந்த காலை வலி ஆறு வாரத்தில் இரண்டாகவும், மூன்று மாதத்தில் ஒன்றாகவும் குறைந்தது.

இந்த வெற்றி முழுவதையும் இன்சோல் கணக்கில் எழுதிவிட முடியாது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் லேண்டார்ஃபும் அவருடைய சகாக்களும் இதே வலியுள்ள 135 பேரிடம் செய்த ஆய்வில், மூன்று மாத முடிவில் இன்சோல் அணிந்தவர்களின் இயக்கத் திறன் சற்றே மேம்பட்டிருந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் அவர்களுக்கும் போலி இன்சோல் அணிந்தவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அளவெடுத்துச் செய்ததும் கடையில் ஆயத்தமாக வாங்கியதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. அளவெடுத்துச் செய்து பிழைப்பவன் இதை எழுதுவது சங்கடம்தான். இருந்தாலும், இந்த வலி பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் தானாகவும் தணியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இன்சோல் பயனிழந்தது என்று நோயாளி சொல்லும்போது அதை ஒழுங்காக எடைபோட முடியும்.

இரண்டாம் வருகையும் எங்கள் பிழையும்

2023 அக்டோபரில், இன்சோல் போட்ட பதினாறாம் மாதத்தில், அவர் திரும்ப வந்தார். காலை வலி பத்துக்கு ஆறு. "சோலு செத்துப்போச்சு சார், புதுசு போட்டுக் குடுங்க" என்றார். எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. குதிகால் குழி பளபளவென்று மின்னியது, விரல் முனைப் பக்கம் ஒட்டு விட்டிருந்தது, கட்டைவிரலால் அழுத்தினால் அடித்தளம் வரை பள்ளம் விழுந்து மேலே எழாமல் நின்றது. பழைய பிளாஸ்டர் அச்சு அலமாரியில் இருந்தது. அதிலேயே, அதே பொருளில், அதே அளவில் புதிய ஜோடி செய்து நவம்பர் முதல் வாரத்தில் கொடுத்தனுப்பினோம். வேறு எதையும் கேட்கவில்லை, காலைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. தேய்ந்த டயருக்குப் புது டயர் மாற்றுவது போல வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

டிசம்பரில் மீண்டும் வந்தார். மூன்று வாரம் சற்று இதமாக இருந்ததாகவும், பிறகு பழைய வலியோடு உட்புறக் கணுக்காலின் பின்னால் ஒரு புது வலியும் சேர்ந்துகொண்டதாகவும் சொன்னார். அப்போதுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பது என்று முடிவு செய்து, 2024 ஜனவரியில் முழு நாள் ஒன்றை ஒதுக்கினோம். வரும்போது மூன்று பொருள்களைக் கொண்டுவரச் சொன்னோம்: பழைய இன்சோல், புதிய இன்சோல், இப்போது போட்டுக்கொண்டிருக்கும் ஷூ.

பழைய இன்சோல் சொன்னது

வெர்னியர் கொண்டு அளந்தபோது, 12 மி.மீ. இருந்த உட்புறக் குதிகால் 8 மி.மீ. ஆகியிருந்தது, 9 மி.மீ. இருந்த வெளிப்புறமும் 8 மி.மீ. இன்சோல் எங்கும் ஒரே சீராகத் தேயவில்லை, தாங்கிய பக்கம் மட்டும் அதிகமாக அமுங்கியிருந்தது. அதன் வேலையே உட்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பதுதான் என்பதால் பாரமும் அங்கேதான் அதிகம் விழுகிறது. ஆகவே அங்கேதான் அது முதலில் தோற்கிறது. 3 மி.மீ. சரிவு முற்றிலும் மறைந்து, வெறும் சமதளமான மெத்தை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கண்ணால் பார்த்தால் இன்சோல் முழுதாகவே இருப்பது போலத் தோன்றும் என்பதால், அளக்காமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இ.வி.ஏ. என்பது மூடிய நுண்ணறைகளுள் வாயு அடைபட்ட நுரை. ஒவ்வொரு மிதிக்கும் அந்த அறைகள் நசுங்கித் திரும்ப விரிகின்றன. ஒரு காலுக்கு நாளொன்றுக்கு 3,500 மிதி என்று வைத்தாலும், வேலை நாள்கள் 300-க்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அறைச் சுவர்கள் மடிந்து, விரிசல் விட்டு, வாயு வெளியேறிய பின் அந்த இடம் பழைய உயரத்துக்கு வருவதில்லை. நடப்பதைவிட நிற்பது இதற்கு இன்னும் கெடுதல். நடையில் ஒவ்வொரு மிதிக்கும் இடையே நுரைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. அசையாமல் மணிக்கணக்கில் நிற்பவரின் காலடியில் அது தொடர்ந்து அமுங்கியே கிடந்து மெல்ல மெல்லப் படிந்துவிடுகிறது. இரவில் ஓரளவு மீளும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணிபவர்களிடம் அவை நீடிப்பதற்கு இதுவே காரணம்.

சூடு இன்னொரு எதிரி. இ.வி.ஏ.யைச் சூடாக்கித்தான் நாங்கள் வடிவமைக்கிறோம். அதே சூடு அந்த வடிவத்தைக் குலைக்கவும் செய்யும். வேலூர் வெயிலைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அம்மா வாரந்தோறும் இன்சோலைச் சோப்புத் தூளில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் காயப் போட்டிருக்கிறார். சுத்தமானவர், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அப்படிச் செய்யக் கூடாதென்று நாங்கள்தான் சொல்லவில்லை. ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தியிருந்தால் ஒட்டாவது விட்டிருக்காது.

எல்லாப் பொருளும் இப்படியே நடந்துகொள்வதில்லை. பாலிபுரொப்பிலீன் தகடு அமுங்காது, பல ஆண்டு உழைக்கும். ஆனால் அதன் மேல் விரிப்பும் அடியில் ஒட்டிய ஆப்பும் தேயும், சில நேரம் தகடே கீறும். மென்மையான பாலிஎதிலீன் நுரை காலின் வடிவத்தை அழகாக வாங்கிக்கொள்ளும், சில மாதங்களில் அட்டை போலாகிவிடும். பாலியூரித்தேன் நுரை அமுங்கி மீள்வதில் சிறந்தது. அதில் சில வகைகள் மட்டும் ஈரமும் சூடும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்து பொடியாகும். பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூவின் அடிப்பாகம் சில ஆண்டு கழித்து உதிர்ந்து விழுவது இதனால்தான்.

எம்.சி.ஆர். பற்றி இந்த ஊரில் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வருவதற்குக் காரணம் நோய்க்கிருமி அல்ல, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் மிதமான அழுத்தம்தான் என்று காட்டினார். அந்தப் பாதங்களுக்காகவே வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நுண்ணறை ரப்பர் செருப்புகள் செய்யப்பட்டன. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மூலைக்கு மூலை விற்கும் எம்.சி.ஆர். செருப்பின் வம்சம் அதுதான். ஆனால் இப்போது அந்தப் பெயரில் கிடைக்கும் எல்லாமே நுண்ணறை ரப்பர் அல்ல. மென்மையாக இருக்கும் எதற்கும் அந்த முத்திரை குத்திவிடுகிறார்கள். நகத்தால் அழுத்திவிட்டு எடுத்தால் சட்டென்று எழும்பி வருகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஷூ சொன்னது

2024 ஜனவரியில் அவர் போட்டுவந்த ஷூ, நாங்கள் முதலில் இன்சோல் பொருத்திய ஷூ அன்று. அது 2023 ஆகஸ்டிலேயே பிய்ந்துபோயிருக்கிறது. அதற்குப் பதிலாகச் சித்தூரில் துணி மேற்பாகமும் தடித்த நுரை அடிப்பாகமும் கொண்ட இலகுவான ஷூ ஒன்றை வாங்கி, அதனுள் இருந்த மெல்லிய விரிப்பை எடுக்காமலேயே எங்கள் இன்சோலை அதன் மேல் வைத்திருந்தார். வலி திரும்பியது அதற்கடுத்த மாதத்தில். இரண்டையும் அவரும் இணைத்துப் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர் வேலையைக் கேட்டபோதுதான், அதே ஆகஸ்டில் உட்கார்ந்து ஷூவின் மேற்பாகத்தைத் தைக்கும் பிரிவிலிருந்து, நாள் முழுதும் நின்று செய்யும் இறுதிச் சோதனைப் பிரிவுக்கு மாற்றப்பட்டது தெரிந்தது. அப்படியானால் தினமும் நூற்றுக்கணக்கான ஷூக்களைத் திருப்பிப் பார்த்துக் குறையுள்ளதை ஒதுக்கி வைப்பவர். எனவே அவருடைய ஷூவையே மேசையில் வைத்து, "அம்மா, இது உங்க டேபிளுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். பின்பக்கமாகத் திருப்பினார், குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் விறைப்பான பின்பகுதியான கவுண்டரைக் கட்டை விரலால் அமுக்கினார், இரு கையாலும் முறுக்கினார். பிறகு சிரித்துவிட்டு, "ரிஜெக்ட் சார். கவுண்டரே இல்ல, உள்பக்கமா சாஞ்சுபோய்க் கிடக்குது" என்றார்.

அடிப்பாகத்தின் உயரத்தைக் குதிகாலின் இரு ஓரங்களிலும் அளந்தோம். வெளிப்பக்கம் 23 மி.மீ., உட்பக்கம் 19 மி.மீ. அதாவது இன்சோல் உட்பக்கத்தை 3 மி.மீ. உயர்த்துகிறது, அது உட்கார்ந்திருக்கும் தரையோ அதே பக்கத்தில் 4 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. கூட்டிக் கழித்தால் பாதம் உட்பக்கமாக 1 மி.மீ. சரிந்துதான் நிற்கிறது. புதிய இன்சோல் மூன்று வாரத்தில் பயனிழந்ததற்கு ஒரு காரணம் இந்தக் கழித்தல் கணக்கில் கிடைத்துவிட்டது. விரிப்பின் மேல் இன்சோலை வைத்ததால் குதிகால் உயர்ந்து, இருந்த கொஞ்ச நஞ்சக் கவுண்டரின் பிடியையும் விட்டு மேலே வந்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்சோல் என்பது ஒரு ஆப்பு மாதிரி. அதற்குக் கீழே உறுதியான தரை வேண்டும். சேற்றில் வைத்த செங்கல்லின் மேல் எவ்வளவு நேர்த்தியாகச் சுவர் எழுப்பினாலும் அது சாயத்தான் செய்யும். நடுவில் மடியாமல் விரல் பகுதியில் மட்டும் மடிகிற, கையால் முறுக்கினால் துணி போலச் சுருளாத, பின்பக்கத்திலிருந்து பார்த்தால் நிமிர்ந்து நிற்கிற ஷூ என்ற இந்த மூன்றும் இல்லையென்றால், இன்சோலுக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் ஷூவுக்குச் செலவழிக்கும்படி இப்போது நான் சொல்லிவிடுகிறேன்.

பாதம் சொன்னது

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் பாதிப் பிழையைத்தான் திருத்தியிருப்போம். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தும் சோதனையில், 2022-இல் எட்டு முறை செய்தவர், இப்போது வலது காலில் இரண்டு முறைக்கு மேல் முடியாமல் நிறுத்தினார். உயர்த்தும்போது இயல்பாக உட்பக்கம் திரும்ப வேண்டிய குதிகால் திரும்பவே இல்லை. பின்னால் நின்று பார்த்தால், இடது காலில் கடைசி ஒன்றரை விரல் தெரிய, வலது காலில் மூன்று விரல்கள் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தன. உட்புறக் கணுக்கால் எலும்பின் பின்னால் தொட்டால் வலி, சிறு வீக்கம். பாத நிலைக் குறியீடு +8-லிருந்து +10 ஆகியிருந்தது. பாத வளைவைத் தசை வலுவால் தூக்கிப் பிடிக்கும் பின் டிபியல் தசைநாண் தளர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளங்கள் இவை. 1989-இல் ஜான்சனும் ஸ்ட்ராமும் வகுத்த நிலைகளின்படி இரண்டாம் நிலையின் தொடக்கம்: பாதம் தட்டையாகியிருக்கிறது, ஆனால் இன்னும் இறுகிப்போகவில்லை, கையால் திருத்தினால் திருந்துகிறது.

எடை 71 கிலோ. பத்தொன்பது மாதத்தில் ஏழு கிலோ கூடியிருந்தது. முன்பு செய்த கணக்கைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் அதிகப் பாரம். மாதவிடாய் நின்றிருந்தது. ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 7.4 என்று வந்து, சர்க்கரை நோய் அப்போதுதான் முதன்முறையாகத் தெரிந்தது. நாற்பதைக் கடந்த, எடை கூடிய பெண்களிடம் இந்தத் தசைநாண் தளர்வு அதிகம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதற்குத் துணை போகின்றன. பத்து கிராம் இழையால் தொட்டுப் பார்த்ததில் பாத உணர்வு முழுமையாக இருந்தது ஆறுதல்.

பழைய அச்சில் செய்த இன்சோல் 2022-இன் பாதத்துக்கு உரியது. அந்தப் பாதம் 2024-இல் இல்லை. புது வளைவு பழைய வளைவைவிடத் தாழ்ந்திருந்ததால், இன்சோலின் மேடு அவர் உள்ளங்காலை நடுவில் குத்தியது. அதைத் தவிர்க்க அவரையறியாமல் பாதத்தை இன்னும் வெளிப்பக்கம் திருப்பி நடந்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டுதோறும் புரட்டாசியில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறுவது அவர் குடும்ப வழக்கம். ஏறத்தாழ 3,550 படிகள், ஒன்பது கிலோமீட்டர், வெறுங்காலில். 2023-லும் ஏறியிருக்கிறார், வலி உச்சத்துக்குப் போனது அதற்கடுத்த வாரம். ஷூ மாறியது, நிற்கும் வேலை வந்தது, எடை கூடியது, இன்சோல் அமுங்கியது, படி ஏறியது என்று ஐந்தும் மூன்று மாத இடைவெளிக்குள் வந்து விழுந்திருக்கின்றன. எது எவ்வளவு பங்கு வகித்தது என்று ஒரு நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. அவர் மட்டும் படி ஏறியதைக் காரணமாகச் சொல்ல உறுதியாக மறுத்துவிட்டார்.

செய்தவை

எலும்பு மருத்துவரிடம் அனுப்பி, நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்து, அறுவை இப்போது தேவையில்லை என்பதை உறுதி செய்துகொண்டோம். சர்க்கரைக்கு மருந்தும் உணவு மாற்றமும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கின.

பழைய பிளாஸ்டர் அச்சை உடைத்துப் போட்டேன். கையால் குதிகாலை நிமிர்த்திப் பிடித்துப் புது அச்சு எடுத்தோம். இம்முறை அடித்தளத்துக்கு முன்னதைவிடக் கடினமான இ.வி.ஏ.; குதிகால் குழியின் ஆழம் 16 மி.மீ.; உட்பக்கம் ஒரு சிறு மதில். குதிகாலின் உட்புறத்தில் அச்சையே சீவி எடுத்து எதிரழுத்தத்தைக் கூட்டும் முறையை 1992-இல் கெவின் கிர்பி விவரித்தார், அதைக் கையாண்டோம். வளைவின் மேட்டை வேண்டுமென்றே தாழ்த்தினோம், ஏனெனில் இந்தப் பாதத்தை நிமிர்த்த வேண்டிய இடம் குதிகாலே தவிர உள்ளங்கால் அல்ல. மேல் விரிப்பை மட்டும் உரித்து மாற்றும்படி தனியாக ஒட்டினோம். அடித்தளம் ஓராண்டு தாங்கினாலும் விரிப்பு அவ்வளவு தாங்காது. அமெரிக்காவின் மெடிகேர் திட்டம், தகுதியுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி ஆழமான ஷூவும் மூன்று ஜோடி உள் விரிப்பும் வழங்குகிறது. நான்கு மாதத்துக்கு ஒரு விரிப்பு என்ற அந்தக் கணக்கு, எங்கள் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது.

ஷூவை அவரே தேர்ந்தெடுத்தார். இந்த விஷயத்தில் அவருக்கு நாங்கள் சொல்லித்தர எதுவும் இல்லை.

வீடுதான் கடினமாக இருந்தது. எட்டு மணி நேரம் ஷூவில் நின்றுவிட்டு வருபவர், வீட்டில் காலையும் மாலையுமாக ஐந்தாறு மணி நேரம் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார். காலை எழுந்ததும் வைக்கும் முதல் அடியே வெறுங்கால் அடி. நம் வீடுகளில் இன்சோலின் பயனில் பாதி வாசற்படியிலேயே கழன்று விடுகிறது. மேலைநாட்டு அறிவுரைகளை அப்படியே எடுத்துக் கொடுத்தால் இந்தப் பாதியைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இருக்காது. மாமியார், வீட்டுக்குள் செருப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். கடைசியில், தெருமண்ணே படாத புதுச் செருப்பு ஒன்றைக் குதிகால் வாரும் உட்பக்க ஆப்பும் வைத்துச் செய்து கொடுத்தோம். அது கட்டிலடியில் இருக்கும், சமையலறை வரை போகும், சாமி மாடத்துக்கு முன்னால் போகாது என்று உடன்பாடு ஆயிற்று.

பயிற்சியில் இரண்டு பகுதி. விரல்களின் கீழே சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மூன்று வினாடி உயர்த்தி, இரண்டு வினாடி நிறுத்தி, மூன்று வினாடி இறக்கும் பயிற்சியை 2015-இல் டென்மார்க்கின் ராத்லெஃப் குழு சோதித்து, மூன்று மாத அளவில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட நல்ல பலன் கண்டது. தசைநாண் தளர்ந்திருந்ததால் அதை முதலில் இரண்டு காலாலும், தரையிலும் தொடங்கி, ஆறாம் வாரத்துக்குப் பிறகே ஒற்றைக் காலுக்குக் கொண்டுபோனோம். ரப்பர் பட்டையை இழுத்துப் பாதத்தை உட்பக்கம் திருப்பும் பயிற்சி இரண்டாவது. இன்சோல் சும்மா இருக்கும் தசைக்குப் பதிலாக வேலை செய்தால், அது அமுங்கும் நாளில் தாங்க ஆளிருக்காது.

தொழிற்சாலைக்குக் கடிதம் கொடுத்ததில், நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உட்கார ஸ்டூல் கேட்டிருந்தோம், அது கிடைக்கவில்லை.

ஓராண்டு வரை

ஆறு வாரத்தில் காலை வலி ஆறிலிருந்து மூன்றானது. 2024 ஜூனில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது இரண்டிலிருந்து ஒன்பதாகி, குதிகால் சற்றே உட்பக்கம் திரும்பவும் தொடங்கியது. எடை 68 கிலோ. பாத நிலைக் குறியீடு மட்டும் +9-க்குக் கீழே வரவில்லை. போன வளைவு திரும்ப வராது என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தோம். மேல் விரிப்பை மே மாதமும் செப்டம்பரிலும் மாற்றினோம். புரட்டாசியில் திருமலைக்குப் பேருந்தில் போய், கடைசிச் சில படிகளை மட்டும் ஏறியதாகச் சொன்னார்.

இன்சோலின் அடியில் கொடுத்த தேதியையும், உட்பக்க, வெளிப்பக்க உயரங்களையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை இந்த நிகழ்வுக்குப் பிறகு எல்லா நோயாளிகளுக்கும் தொடங்கினோம். வீட்டில் அளக்க வழியில்லாதவர்களுக்கு, சமமான மேசையில் வைத்து இரண்டு இன்சோலையும் பக்கம் பக்கமாகப் பின்னாலிருந்து பார்க்கவும், குதிகால் குழியில் கட்டை விரலை அழுத்தி எடுக்கவும் சொல்லித் தருகிறோம். கால் திடீரென்று வீங்கிச் சூடாகிச் சிவந்தாலோ, மரத்துப்போனாலோ, தோலில் புண் வந்தாலோ அது இன்சோல் விஷயமில்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

2025 ஜனவரியில் வந்தபோது, இன்சோலை அவரே தொழிற்சாலைக்கு எடுத்துப் போய், தோலின் கனத்தைப் பார்க்கும் கேஜில் வைத்து அளந்துவிட்டு வந்திருந்தார். வலது உட்பக்கம் 13-இலிருந்து 11.4, வெளிப்பக்கம் 9-இலிருந்து 8.6. சரிவு 4 மி.மீ.யிலிருந்து 2.8 மி.மீ. ஆகியிருந்தது. அதிலிருந்து இரண்டு மாதத்தில் அடித்தளத்தை மாற்றுவது என்று முடிவு செய்தோம். இம்முறை புது அச்சோடு. இடது காலில் குதிகால் உயர்த்தல் பன்னிரண்டிலிருந்து ஒன்பதாகக் குறைந்திருப்பதையும் குறித்துக்கொண்டோம். வலி இல்லை. அடுத்த வருகை மார்ச்சில் என்று குறித்தோம்.